பழைய பாய்மரப் படகு: அறிகுறி வைத்துக் கோளாறு தேடும் வழி

1970, 80-களில் வார்த்த பைபர் பாய்மரப் படகு, முப்பது முப்பத்தைந்து அடி நீளம். டிசம்பர் கடைசியில் வாடை நிலைத்ததும் லட்சத்தீவு, மாலத்தீவு என்று நெடும்பயணம் கிளம்பத் திட்டம். நீரோடி, தூத்தூர், தேங்காய்ப்பட்டணம் பக்கமோ, எல்லை தாண்டி விழிஞம், கொச்சியிலோ இப்படி ஒரு படகை வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது என்று முழிப்பவர்களுக்கு இது.

பழைய படகில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, இருக்கிற இடம் வேறு. படுக்கை மேல் சொட்டும் தண்ணீர் நாலடி தள்ளி ஒரு போல்ட் வழியாக இறங்கியிருக்கும். இன்ஜின் சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் இன்ஜினுக்குள் இருக்காது. அதனால் எதையும் கழற்றி மாற்றுவதற்கு முன்னால், கோளாறு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று பாருங்கள். கடைக்காரரிடம் போவது அதற்கு அப்புறம்.

காலமும் முக்கியம். குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் எல்லாம் கரையேறும். பைபர் வேலைக்காரர், வெல்டர், மெக்கானிக் யாருக்கும் உங்கள் பக்கம் திரும்ப நேரம் இருக்காது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காய்ந்த காலம். படகைக் கரையேற்றி அடிப்பகுதி வேலையையும் பைபர் வேலையையும் அப்போதே முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் இன்ஜின், வயரிங், தையல். டெக் ஒழுகலைக் கண்டுபிடிக்க மழையைவிட நல்ல சோதனை கிடையாது, ஆனால் அடைக்கும் வேலையை வெயில் வரும்வரை தள்ளிப் போடுங்கள்.

இன்னொன்று, ஆழமான ஏரா (படகின் அடியில் இறங்கும் கீல்) உள்ள படகைத் தேங்காய்ப்பட்டணத்தில் வைத்துப் போக வர நினைக்காதீர்கள். அங்கே முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை உடைவதும், படகு கவிழ்ந்து ஆள் போனதும் இந்தக் கரைக்கே தெரிந்த சேதி. கொச்சியில் போல்காட்டித் தீவின் மரீனா இருக்கிறது. சாமான் வாங்கத் தோப்பும்படி பக்கம்தான். தூத்தூர் ஆழ்கடல்காரர்கள் காலங்காலமாகப் புழங்கும் இடம், தமிழிலேயே பேசி வாங்கிவிடலாம்.

தரைப்பலகைக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது

முதலில் பம்பை அணைத்துவிட்டு, தண்ணீரை முழுக்க இறைத்துத் துணியால் துடைத்துக் காய வையுங்கள். ஈரம் இருக்கும்வரை எங்கிருந்து வருகிறது என்று தெரியவே தெரியாது. காய்ந்த பிறகு வால்வு, குழாய் இணைப்பு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் இவற்றுக்குக் கீழே டிஷ்யூ பேப்பர் துண்டுகளைப் போட்டு வையுங்கள். முதலில் நனைவது எது என்று பாருங்கள்.

அடுத்தது உப்பா, நல்ல தண்ணீரா? கசிகிற இடத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தால் போதும். தேங்கி நிற்பதைத் தொடாதீர்கள், அதில் டீசலும் ஆயிலும் கலந்திருக்கும். உப்பு என்றால் கடல். நல்ல தண்ணீர் என்றால் குடிநீர்த் தொட்டி, அல்லது மழை. பாய்மரத்தின் உட்புறம் வழியாகவும் மழை இறங்கும்.

ஆனால் நம் பக்கத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும். ஜூன், ஜூலையில் குழித்துறை ஆற்று முகத்திலும் கொச்சிக் காயலிலும் மழைவெள்ளம் இறங்கி, படகுக்கு வெளியே இருக்கும் தண்ணீரிலேயே உப்பு இருக்காது. கடல் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும், நீங்கள் ‘தொட்டிதான் ஒழுகுகிறது’ என்று தொட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த மாதங்களில் தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்து விடுங்கள். கீழே மஞ்சளாக வந்தால் தொட்டி. நிறமில்லாமல் வந்தால் வேறு வழி.

சும்மா நிற்கும்போதே தண்ணீர் ஏறினால் அடியில் உள்ள வால்வுகளையும் சுக்கான் தண்டையும் பாருங்கள். இன்ஜின் ஓடினால் மட்டும் ஏறினால் ஷாஃப்ட் கிளாண்டு (ஷாஃப்ட் உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்து அடைப்பு), கடல்தண்ணீர் பம்பின் சீல், எக்ஸாஸ்ட் ஹோஸ். பாயில் போகும்போது, அதுவும் ஒரு பக்கம் சாய்ந்தால் மட்டும் என்றால், சாய்கிற பக்கத்தில் டெக்கும் உடலும் சேரும் விளிம்பு, அல்லது சிங்க் வடிகுழாய் வழியே திரும்பி வரும் தண்ணீர்.

கிளாண்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் அதிகம் கைவைத்துக் கெடுக்கிறார்கள். பழைய படகில் இருப்பது கயிறு அடைத்த கிளாண்டு. ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும். அதுதான் ஷாஃப்டைக் குளிர வைக்கிறது. நின்ற பிறகு சொட்டக்கூடாது, சொட்டினாலும் எப்போதோ ஒன்று. சொட்டே இல்லாமல் இறுக்கினால் கயிறு கருகி ஷாஃப்டில் பள்ளம் விழும். ஓட்டிய பிறகு கிளாண்டின் மேல் கைவைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம். கயிறு மாற்றும்போது பழையதை ஒரு துண்டு விடாமல் கொக்கியால் இழுத்து எடுங்கள். புதுக் கயிற்றை ஒவ்வொரு வளையமாகச் சாய்வாக வெட்டி, ஒன்றின் இணைப்பு இன்னொன்றின் இணைப்புக்கு நேராக வராதபடி திருப்பித் திருப்பி வையுங்கள். மாற்றிய பிறகும் நிற்கவில்லை என்றால் ஷாஃப்டில் ஏற்கெனவே பள்ளம் விழுந்திருக்கிறது, எத்தனை கயிறு வைத்தாலும் நிற்காது. விசைப்படகு மெக்கானிக்குக்கு இது தினசரி வேலை. கிளாண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் ஹோஸின் கிளிப்பை மட்டும் நீங்களே பாருங்கள். மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், அடிப்பக்கம் துருவேறி இற்றிருக்கும். கண்ணாடி ஒன்றைக் கீழே நீட்டினால் தெரியும்.

வால்வில் தப்பு நடப்பது வாங்கும்போது. வீட்டுக் குழாய் வேலைக்கு விற்கும் பித்தளை கேட் வால்வைப் பழைய படகுகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். கடல்தண்ணீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய், வெறும் செம்புச் சக்கைதான் மிஞ்சும். கத்திமுனையால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் பரவாயில்லை. இளஞ்சிவப்பாக இருந்தால் ஒரு மிதியில் உடைந்து வரும். கடையில் கன்மெட்டல் வால்வு என்று கேட்டு வாங்குங்கள். வால்வு உடைந்தால் ஓட்டையை அடைக்க, ஒவ்வொரு வால்வு பக்கத்திலும் கூம்பாகச் சீவிய மென்மரக் கட்டை ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கட்டும். குழாய்க்கு இரண்டு கிளிப். கிளிப்பைக் காந்தம் வைத்துச் சோதியுங்கள். பட்டை ஒட்டாமல் திருகு மட்டும் காந்தத்தில் ஒட்டினால் திருகு மட்டமான இரும்பு, முதலில் போவது அதுதான்.

ஏரா உடலோடு சேரும் கோட்டில் விரிசல் இருந்து, கரையேற்றிப் பல நாள் ஆகியும் அதிலிருந்து துருநீர் வடிந்தால் புட்டி பூசி மறைக்காதீர்கள். போல்ட்டுகளைப் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு அனுபவமுள்ள ஆளைக் கூப்பிடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

டெக் மிதித்தால் அமுங்குகிறது, மழையில் உள்ளே சொட்டுகிறது

இரண்டும் ஒரே நோய். டெக் என்பது மேலே ஒரு பைபர் தோல், கீழே ஒரு பைபர் தோல், நடுவே பால்சா மரம் அல்லது பிளைவுட். கம்பித்தூண், கிளீட், வின்ச் எதற்காகவோ போட்ட போல்ட் ஓட்டை வழியே தண்ணீர் நடுவில் இறங்கினால் அந்த மரம் ஊறின ரஸ்க் மாதிரி ஆகிவிடும்.

ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் டெக் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாகக் கேட்கும், ஊறின இடத்தில் ‘தொத்’. மாறுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். முடிந்ததும் எழுந்து நின்று பார்த்தால், கோடுகள் எல்லாம் ஏதாவது ஒரு போல்ட்டைச் சுற்றி வளைந்திருக்கும். வரைபடம் கிடைத்துவிட்டது.

எந்தப் போல்ட் என்று சந்தேகம் இருந்தால், ஜன்னல்களை மூடி, ஓட்டைகளை டேப் ஒட்டி அடைத்து, கதவு வழியாக ஒரு புளோயரால் உள்ளே காற்றைத் தள்ளுங்கள். வெளியே சோப்புத் தண்ணீர் பூசுங்கள். குமிழ் விடும் இடம்தான் திருடன். தண்ணீர் அடித்துத் தேடுவதென்றால் கீழிருந்து மேலே வாருங்கள். மேலிருந்து அடித்தால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது.

பழுது சின்ன வட்டம் என்றால் போல்ட்டைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, வளைந்த ஆணியை டிரில்லில் மாட்டி நடுமரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் அடையுங்கள். இறுகியதும் அதன் நடுவிலேயே புது ஓட்டை போட்டு, பியூட்டைல் டேப் (ஒழுகலை அடைக்கும் பிசின் நாடா) வைத்து இறுக்குங்கள். இனி போல்ட் ஒழுகினாலும் தண்ணீர் மரத்துக்குப் போகாது. சிலிக்கானைப் பக்கத்திலேயே விடாதீர்கள். அது பிடிப்பும் போதாது, பூசின இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது. பழுது பெரிய பரப்பு என்றால் மேல்தோலை அறுத்துத் திறந்து நடுமரத்தையே மாற்ற வேண்டும்.

ரெசின் விஷயத்தில் நம் ஊர்க் கைகளோடு கொஞ்சம் வாதாட வேண்டிவரும். வள்ளம் வார்ப்பவர்கள் பாலியெஸ்டர் ரெசினும் பைபர் மேட்டும்தான் பழகியவர்கள், புது வார்ப்புக்கு அது சரியானதே. ஆனால் நாற்பது வருஷம் முன் இறுகிப்போன பரப்பின் மேல் ஒட்ட எபாக்சியின் பிடிப்பே வேறு. விலை அதிகம், அதனால்தான் வேண்டாம் என்பார்கள். முப்பத்திரண்டு டிகிரி வெயிலில் எபாக்சி டப்பாவிலேயே கொதித்து இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கித் தட்டில் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்று நாட்களில் இறுகிய மேற்பரப்பில் மெழுகு போல ஒரு படலம் வரும். வெறும் தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த கோட். கழுவாமல் உப்புத்தாள் தேய்த்தால் படலம் உள்ளே அழுந்தி, அடுத்த கோட் உரிந்து வரும். பிளைவுட் வேலைக்கு முட்டம் பக்கம் விசாரியுங்கள். மரைன் பிளைவுட் வள்ளம் கட்டிப் பழகிய கைகள் அங்கே உண்டு.

அடிப்பகுதியில் கொப்புளம்

பயப்பட வேண்டாம். ஒன்றைக் குத்திப் பாருங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. உள்ளே அழுத்தம் இருக்கும், பீய்ச்சி அடிக்கும். புளித்த வினிகர் வாசனை வந்தால் ஆஸ்மாசிஸ், அதாவது பைபருக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறது. கொப்புளத்தால் மூழ்கிய படகு அபூர்வம். ஆங்காங்கே என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து, கழுவி, காயவைத்து எபாக்சியால் அடைத்தால் போதும். காய மாதங்கள் ஆகும், அதனால்தான் பிப்ரவரியிலேயே கரையேற்றச் சொன்னேன். முழு அடிப்பாகத்தையும் செதுக்கச் சொல்பவரிடம் இன்னொரு முறை யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

பாய்மரக் கம்பியில் துருக்கோடு, சாய்ந்தால் மறுபக்கம் தொய்கிறது

பணம் இருக்கிற அளவுக்கு முதலில் இங்கே போடுங்கள். மெத்தை, ஃபிரிட்ஜ், சோலார் எல்லாம் அப்புறம்.

பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் எஃகு வடத்தின் நுனியில் அழுத்திப் பொருத்திய குழலுக்குள் உப்புத்தண்ணீர் தங்கும். காற்றுப் படாத இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரிக்கும். வெளியே தெரிவது ஒரு காபிநிறக் கோடு மட்டும். ஒரு பஞ்சை எடுத்து வடம் முழுக்க உருவுங்கள். எங்காவது மாட்டி இழை நின்றால் அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. ஓர் இழைதானே என்று விடாதீர்கள். கூட இருந்த இழைகளும் அதே சுமையை அதே வருஷங்கள் தாங்கியவைதான். குழலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஃபேப்ரிகேஷன் கடைகளில் டிபி டெஸ்ட் என்பார்கள்: சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பும். பத்துப் பதினைந்து வருஷம் ஆன வடம் என்றால் சோதனையே வேண்டாம், நெடும்பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். விசைப்படகுகாரர்களின் கால்வனைஸ்டு ரோப்பைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அது துருப்பிடித்து முன்கூட்டியே சொல்லும். ஸ்டெயின்லெஸ் சொல்லாமல் அறும்.

வடத்தை மாற்றிவிட்டு அது மாட்டியிருக்கும் செயின்பிளேட்டை (வடத்தை உடலோடு பிணைக்கும் உலோகப் பட்டை) அப்படியே விடுவது நிறைய நடக்கிறது. டெக்குக்கு மேலேயும் கீழேயும் அது நன்றாகவே தெரியும். டெக்கைத் துளைத்துப் போகும் அந்த ஓர் அங்குலத்தில்தான் ஈரம் அடைந்து அரிப்பு நடக்கும். வெளியே இழுத்தெடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒன்றையாவது எடுத்துப் பாருங்கள். அதில் குழிகள் இருந்தால் எல்லாவற்றையும் எடுங்கள்.

சாய்ந்து ஓடும்போது காற்று மறைவுப் பக்கத்து வடம் ஆடிக்கொண்டு தொங்கினால் இறுக்கம் போதாது. கருவி இல்லாமலே அளக்க ஒரு வழி இருக்கிறது. பத்தொன்பது இழையை ஒரே முறுக்காக முறுக்கிய வடத்தில், கையிறுக்கத்தில் இரண்டு மீட்டர் அளந்து, ஸ்டீல் டேப்பை மேல்முனையில் ஒட்டி, கீழ்முனையில் குறி வையுங்கள். டர்ன்பக்கிளை (வடத்தின் அடியில் உள்ள இறுக்கும் திருகு) இறுக்கும்போது அந்த இரண்டு மீட்டர் 1 மில்லிமீட்டர் நீண்டால், வடம் அறும் சுமையில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது. பக்கவடத்துக்கு 3 மில்லிமீட்டர், அதாவது 15 சதவீதம், நல்ல தொடக்கம். இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள்.

இறுக்க இறுக்க மீண்டும் தொய்ந்துகொண்டே இருந்தாலோ, பாயில் போகும்போது கழிப்பறைக் கதவு மூட மறுத்தாலோ வடத்தை விட்டுவிட்டுப் பாய்மரத்தின் அடியைப் பாருங்கள். மரம் நிற்கும் டெக் தாழ்கிறது, அல்லது கீழே தாங்கும் தூணின் பாதம் உளுத்திருக்கிறது. கதவைச் சீவிச் சரிசெய்தால் வியாதி இன்னும் ஒளிந்துகொள்ளும்.

எல்லாம் புதிதாக இருந்தாலும் பாய்மரம் ஒடியலாம். கேரளக்காரரான அபிலாஷ் டோமி, தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி, அவர் படகு ‘துரியா’வின் பாய்மரங்கள் ஒடிந்து, முதுகெலும்பில் அடிபட்டுக் கிடந்து, பிரெஞ்சுக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டார். அதே பந்தயத்துக்குத் திரும்பி வந்து 2023-இல் இரண்டாவதாக முடித்தார். ஒடிந்த மரம் வடத்தில் தொங்கியபடி உடலை இடித்து ஓட்டை போடாமல் இருக்க, வடத்தை உடனே கழற்றிவிட வேண்டும். அதனால் வடத்தை மாட்டும் பின்களைப் பூட்டும் காட்டர் பின்னை நன்றாகச் சுருட்டி மடக்காதீர்கள், லேசாக விரித்தால் போதும். பெரிய போல்ட் கட்டர் ஒன்று அமரத்திலேயே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இன்ஜின்

*கரையில் நன்றாக ஓடுகிறது, கடலில் ஆட்டம் கூடியதும் நிற்கிறது.* இன்ஜினில் கோளாறு இல்லை. டேங்க் அடியில் பல வருஷக் கசடும் தண்ணீரும் இருக்கிறது, குலுங்கினதும் மேலே வந்து ஃபில்டரை அடைக்கிறது. டேங்கின் அடிமட்டத்திலிருந்து குழாய் போட்டுக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து ஒரு மணி நேரம் வையுங்கள். கீழே தண்ணீரும் நடுவில் கரிய கொழகொழப்பும் பிரிந்து நின்றால் டேங்கைத் திறந்து கழுவாமல் வழியில்லை. ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே போவது வீண். மாற்றியபின் காற்று எடுப்பது டேங்கிலிருந்து இன்ஜெக்டரை நோக்கி, வரிசை தப்பாமல்.

*சூடாகிறது.* எக்ஸாஸ்டில் தண்ணீர் எப்போதும் போல் துப்புகிறதா? குறைவென்றால் வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டியில் பாசியோ பிளாஸ்டிக் பையோ, பிறகு இம்பெல்லர் (கடல்தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம்). இம்பெல்லரில் இறக்கை உடைந்திருந்தால் புதியதைப் போட்டதோடு விடாதீர்கள். உடைந்த துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் போய் உட்கார்ந்திருக்கும், எண்ணிச் சேரும்வரை தேடுங்கள். இவ்வளவும் சரியென்றால் எக்ஸாஸ்ட் வளைவைக் கழற்றுங்கள், உள்ளே கரி அடைத்திருக்கும்.

*புகை.* கறுப்பு என்றால் சுமை அதிகம் அல்லது காற்று போதவில்லை. முதலில் புரொப்பெல்லரில் சிப்பி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை, இன்ஜின் சூடான பிறகும் நிற்காவிட்டால், ஹெட் கேஸ்கெட் அல்லது இன்ஜெக்டர்.

விளக்கு மங்குகிறது, ஜிங்க் சீக்கிரம் கரைகிறது

பேட்டரியைத் திட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரியில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. பேட்டரி சரி, விளக்கு மங்கல் என்றால் விளக்கு எரியும்போதே ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் வையுங்கள். மொத்த இழப்பு 0.36 வோல்ட்டுக்கு மேல் போனால் அந்த வழியில் எங்கோ பச்சை பூத்திருக்கிறது. கார் வயரை உரித்துப் பாருங்கள், உள்ளே கறுத்திருக்கும். ஈயம் பூசிய வயர்தான் படகுக்கு.

ஜிங்க் என்பது மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் துத்தநாகக் கட்டி. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். ஓரிரு மாதத்தில் காணாமல் போனால் எங்கோ மின்கசிவு. கரையவே இல்லை என்றால் இன்னும் மோசம். அது உலோகத்தோடு இணைப்பே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. காயலில் வெகுநாள் நின்ற படகில் ஜிங்க் மேல் ஓடு கட்டி வேலை செய்யாமல் போகும். உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடத்துக்கு அலுமினியம் மேல்.

பாய், சுக்கான்

பாயில் துணிக்கு முன்னால் நூல்தான் வெயிலில் இற்றுப்போகும். தையலை நகத்தால் அழுத்திக் கீறுங்கள். நூல் பொடிந்தால் பாய் முழுக்க மறுதையல். சுக்கானைக் கரையேற்றிய மறுநாள் பார்த்து, அடியில் துருநீர் சொட்டினால் உள்ளே இரும்புச் சட்டம் அரிக்கிறது, பிளந்து பார்க்க வேண்டும்.

வயர்லெஸ்ஸில் கேட்கிறது, நம் குரல் போகவில்லை

பேட்டரி தளர்ந்திருந்தால் கேட்க முடியும், அனுப்பும் பட்டனை அழுத்தியதும் வோல்ட் விழுந்துவிடும். அது சரியென்றால் பாய்மர உச்சியிலும் அடியிலும் உள்ள கேபிள் இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். உச்சி விளக்கைப் போட்டால் மட்டும் இரைச்சல் வந்தால் மட்டமான எல்இடி பல்புதான் காரணம்.

விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் அபாய அழைப்புக்கான சேனல் 16 எல்லாம் கண்பார்வைத் தூரக் கணக்குதான், சில பத்துக் கடல்மைல். 2017 நவம்பர் ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்த நம் ஆட்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்காக வெளிநாட்டு சாட்டிலைட் போனை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். துராயா, இரிடியம் போன்கள் இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே வழக்கு. பிஎஸ்என்எல் வழியாக இன்மார்சாட் சாட்டிலைட் போன் வாங்கலாம். கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554, கரையில் இருக்கும் வீட்டாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

406 மெகாஹெர்ட்ஸ் அபாய பீக்கன் (சாட்டிலைட் வழியாக ஆபத்துச் சைகை அனுப்பும் கருவி) பழைய படகோடு சேர்ந்து வந்திருந்தால் அதன் பேட்டரித் தேதியைப் பாருங்கள். அதைவிட முக்கியம், அதில் பதிந்திருக்கும் நாட்டுக் குறியீடு. முந்தைய உரிமையாளரின் நாட்டுக் குறியீடு அப்படியே இருந்தால், நீங்கள் மினிக்காய் பக்கம் தத்தளிக்கும்போது விசாரணை போன் அவர் வீட்டுக்குப் போகும். இந்தியக் குறியீடாக மாற்றி எழுதச் சொல்லி, பெங்களூருவில் இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்தில் உங்கள் பெயர், படகு, கரையில் தொடர்புகொள்ள இருவரின் எண் எல்லாம் பதிவுசெய்யுங்கள். அந்த இருவரும் நீங்கள் கிளம்பும் தேதியும் போகும் வழியும் தெரிந்தவர்களாக இருக்கட்டும்.